வடிவமைப்பு வரைபடம் நம் கையில் இருக்க வேண்டும்

நேற்று கோவை ஆவாரம்பாளையத்தில் எங்கள் பட்டறையில் பம்பு கேசிங் ஒன்றுக்கு ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீரை அழுத்தி நிரப்பிக் கசிவு பார்க்கும் சோதனை. சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ அழுத்தம்தான். போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் கடுகளவு ஈரம் பூத்தது. மூத்த ஃபிட்டர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வேர்க்குதுங்க, ஒதுக்கிடலாம்" என்றார்.

அழுத்த நீர் அணு உலையையும் நாமே வடிவமைக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த உலையில் இதே தண்ணீர் 150 கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும். 300 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. அத்தனையையும் தாங்குவது ஒரே எஃகுக் கலன். சுவரே ஏறக்குறைய ஒரு சாண் கனம். இவ்வளவு பெரிய எஃகைக் காய்ச்சி அடித்து உருவாக்குவது (ஃபோர்ஜிங்) லேசுப்பட்ட வேலையில்லை. சாதாரணத் தண்ணீருக்குப் பதில், கன ஹைட்ரஜன் கொண்ட கனநீரைப் பயன்படுத்தும் கனநீர் உலையில் அந்தத் தலைவலி கிடையாது. குஜராத்தின் கக்ராபாரில் நாமே கட்டிய 700 மெகாவாட் உலையில் அழுத்தத்தை 392 குழாய்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. செறிவூட்டாத, அதாவது இயற்கையில் கிடைக்கும் யுரேனியமே அதற்குப் போதும்.

கூடங்குளத்தில் ஓடுவது அழுத்த நீர் உலைதான், ஆனால் வடிவமைப்பு ரஷ்யாவுடையது. எரிபொருளும் அங்கிருந்தே வருகிறது. மின்சாரம் வருகிறதே, அப்புறம் என்ன என்று கேட்கிறார்கள். எங்கள் பட்டறையில் கம்ப்யூட்டரால் இயங்கும் வெளிநாட்டு சிஎன்சி மெஷின் ஒன்று இருக்கிறது. போன வருஷம் அதில் ஒரு எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது. டிராயிங்கும் கிடையாது, பாஸ்வேர்டும் கிடையாது. அவர்கள் ஆள் வரும்வரை 23 நாள் மெஷின் சும்மா கிடந்தது. கையில் இருந்த ஆர்டரும் போனது. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நம்மால் முடியாததும் இல்லை. கல்பாக்கத்தில் தரையில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் அரிஹந்த் நீர்மூழ்கிக்குள் 83 மெகாவாட் வெப்பத் திறன் கொண்ட அழுத்த நீர் உலை போனது. 2013 ஆகஸ்டில் அந்த உலை இயங்கத் தொடங்கியது. அதற்கு வேண்டிய எரிபொருளைச் செறிவூட்டும் ஆலையும் தூரத்தில் இல்லை, திம்பம் மலைப்பாதை ஏறிப்போனால் மைசூருக்குப் பக்கத்தில்தான். இப்போது பாபா அணு ஆராய்ச்சி மையம் அழுத்த நீர் வகையிலேயே 900 மெகாவாட் மின்சாரம் தரும் பெரிய உலையையும் 200 மெகாவாட் சிறிய உலையையும் வடிவமைக்கிறது. 2025 பட்ஜெட்டில் சிறிய உலைகளுக்கு 20,000 கோடி ஒதுக்கி, 2033க்குள் குறைந்தது ஐந்து உலைகள் ஓட வேண்டும் என்றார்கள். அவசரப்படாமல் செய்யட்டும், ஆனால் பாதியில் விட்டுவிடக் கூடாது.

அணு உலை என்றாலே பயப்படுகிறவர்களை முட்டாள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். வேர்ப்பதைப் பார்த்தவனுக்குத்தான் பயம் தெரியும். சோதனை முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும். ஒதுக்க வேண்டியதை ஒதுக்கச் சொல்லும் அதிகாரம், உலை கட்டுகிறவர்களுக்குக் கட்டுப்படாத ஆளிடம் இருக்க வேண்டும்.

என் அக்கா மகன் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளித் தேர்வுக்குப் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வந்து ஹைட்ரோ டெஸ்ட்டில் நில்லுடா என்று சொல்லியிருக்கிறேன்.