ஓட்டையை யார் போடுவது?

ஓட்டை போடவில்லை. கீசெயினுக்காக வெட்டிய எட்டு பிளாஸ்டிக் ஆந்தை, எட்டுக்கும் ஓட்டை போடவில்லை. மணி இரவு பதினொன்றரை. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுகிறவர்கள் இந்தக் கைவேலைப் பக்கமே வராத புண்ணியவான்கள். அப்படியே இருந்துகொள்ளுங்கள்.

எனக்குத் தெரியாதா? சூடு பட்டால் சுருங்கும் பிளாஸ்டிக்கில் கீசெயின் செய்தால் ஓட்டையை முதலில் போட வேண்டும், அப்புறம்தான் அடுப்பு. ஆபீஸ் பஞ்ச் போடும் 6 மில்லிமீட்டர் ஓட்டை, சுருங்கி முடிக்கும்போது இரண்டரை மில்லிமீட்டருக்கு வந்து நிற்கும். வளையம் மாட்டக் கச்சிதம். இதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பஞ்ச் மேசை மேலேயே இருந்தது. ஷீட்டுக்குப் பக்கத்திலேயே. வாயைப் பிளந்துகொண்டு.

மகளுக்குப் பிறந்தநாள். வகுப்பில் 24 பிள்ளைகள். பென்சில் டப்பா கொடுத்தால் ஆகாதா? ஆகாது. "எல்லாருக்கும் அவங்க பேர் போட்ட ஆந்தைம்மா" என்று சொல்லிவிட்டாள். நானும் ஒருத்தி இதைச் செய்துகாட்டும் வீடியோவைப் பார்த்துத் தொலைத்திருந்தேன். வெட்டுகிறாள், உள்ளே வைக்கிறாள், எடுக்கிறாள், பன்னிரண்டு நொடி. "எவ்ளோ ஈஸி பாத்தீங்களா!" பார்த்தேன் தாயே. அந்தப் பன்னிரண்டு நொடிக்கு நடுவில் நீ வெட்டி எறிந்த மூன்று மணி நேரத்தையும் இப்போது நான்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.

சரி, பேர். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இந்த வலி தெரியாது. வகுப்பில் தமிழ்ச்செல்வன் என்று ஒரு பிள்ளை. நீளவாக்கில் பாதிக்கும் கீழே சுருங்கப்போகிற ஆந்தையின் வயிற்றில் தமிழ்ச்செல்வன். நாலு புள்ளி! முதல் தடவை எழுதியதில் நாலும் சுருங்கி எழுத்தோடு ஒட்டிக்கொண்டன, 'ழ' சுழி அடைத்துக் கறுப்பு உருண்டையாகிவிட்டது. பேரைக் காணோம், ஆந்தைக்குத் தொப்புள் வந்திருந்தது. நிறமும் அப்படித்தான். பரப்பு ஆறில் ஒரு பங்காகும்போது அதில் பூசிய மை எங்கே போகும்? அத்தனையும் அங்கேயே நெருங்கிக்கொள்ளும். இளம் பழுப்பில் தீட்டிய ஆந்தை வெளியே வரும்போது காக்கை. கலர் பென்சில் பிடிக்க வேண்டுமென்று அரை மணி நேரம் உப்புத்தாள் தேய்த்த விரல்கள் தனிக் கதை.

பாக்கெட்டில் 325 டிகிரி என்று போட்டிருந்தது. எங்கள் ஓடிஜியின், அதுதான் மேசை மேல் வைக்கிற மின் அடுப்பின், குமிழ் 250-இல் முடிகிறது. பத்து நிமிடம் அந்தக் கம்பெனியை வாழ்த்திய பிறகுதான் பக்கத்தில் எறும்பு அளவில் பாரன்ஹீட் என்று இருப்பது கண்ணில் பட்டது. நம் கணக்கில் 163. அதைச் சொல்வதற்கென்ன, வாய் வலிக்குமா?

இப்போது அந்த மூன்று நிமிடத்துக்கு வருகிறேன். பட்டர் பேப்பரில் எட்டு ஆந்தைகளைப் படுக்க வைத்து, கதவை மூடி, கண்ணாடியில் மூக்கு ஒட்டுமளவுக்குக் குனிந்து நிற்கிறேன். முதலில் ஒன்றும் நடக்காது. அடுப்பு எரிகிறதா என்றே சந்தேகம் வரும். அப்புறம் ஒரு காது லேசாகத் தூக்கும். அவ்வளவுதான், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி எட்டும் ஒரே நேரத்தில் நெளியும். அப்பளமாவது விரிகிறது, இதுகள் நெளிந்துகொண்டே குட்டையாகின்றன. மூன்றாவது ஆந்தை இடுப்பை மடக்கியது. தலையைக் கொண்டுபோய்க் காலில் வைத்தது. ஒட்டிக்கொண்டால் முடிந்தது கதை, பிரித்தால் இடியாப்ப நூல்தான் வரும். திறக்கவா? திறந்தால் சூடு இறங்கி மற்ற ஏழும் பாதியில் நின்றுவிடும். "விடு, விடு, விட்டுடு கண்ணு" என்று ஒரு பிளாஸ்டிக்கிடம் கெஞ்சினேன். இவர் ஹாலிலிருந்து "யார்கிட்ட பேசறே?" என்றார். பதில் சொல்லவில்லை. விட்டது! தலையை எடுத்தது. மெதுவாக நிமிர்ந்து, படுத்து, தட்டையானது. வெளியே இழுத்து, ஆறுவதற்குள் ஒவ்வொன்றின் மேலும் டபராவைக் கவிழ்க்காமல் நேராக வைத்து அழுத்தினேன். எட்டும் கண்ணாடி மாதிரி. தமிழ்ச்செல்வனுக்கு நாலு புள்ளியும் தெரிந்தன.

எனக்கு நானே ஒரு காப்பி போட்டுக்கொண்டேன். அப்புறம் வளையப் பாக்கெட்டைப் பிரித்தேன்.

அந்த நிமிடத்தைப் பற்றிப் பேச வேண்டாம்.

"டிரில் பண்ணிடலாமே" என்றார் இவர், பெரிய கண்டுபிடிப்பு மாதிரி. டிரில் மெஷின் இவர் தங்கை வீட்டில் இருக்கிறது. இரண்டு வருடமாக. ஒரே ஒரு ஸ்கிரீன் மாட்டக் கொண்டுபோனது. சரி என்று கோணி ஊசியை கேஸ் அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்தினேன். ஊசி பாதி இறங்கியது, கெட்ட நாற்றம் வந்தது, 'ழ'வுக்குக் குறுக்கே டப்பென்று விரிசல் விட்டது. நாலு புள்ளியில் இரண்டு அந்தப் பக்கம், இரண்டு இந்தப் பக்கம்.

இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. பாலிஸ்டைரீன் என்கிற இந்தப் பிளாஸ்டிக்கைத் தொழிற்சாலையில் சூடாக்கி, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து, அந்த இழுப்பிலேயே ஆற வைத்துவிடுகிறார்கள். அது வஞ்சம் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது, சூடு கிடைத்ததும் பழைய உருவத்துக்கே ஓடுகிறது. 1973-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பெட்டி மோரிஸ், கேட் புளூம்பெர்க் என்று இரண்டு அம்மாக்கள் சாரணச் சிறுவர்களுக்காக இதை வைத்து ஏதோ செய்யப்போய், ஷ்ரிங்கி டிங்க்ஸ் என்று பொம்மை வியாபாரமே ஆனது. நன்றாக இருக்கட்டும். கலிபோர்னியாவில் மிஷெல் கைன் என்கிற விஞ்ஞானி இதே ஷீட்டில் லேசர் பிரிண்டரால் கோடு அச்சடித்து, டோஸ்டர் அடுப்பில் சுருக்கி, தலைமுடி அளவு வாய்க்கால்களில் திரவம் ஓடும் ஆய்வுச் சில்லுக்கு வார்ப்பச்சு செய்தார். என்னுடையதும் அதே பிளாஸ்டிக், அதே மாதிரி அடுப்பு. அந்தம்மாவுக்கு நுண்திரவவியல், எனக்கு ஓட்டையில்லாத ஆந்தை.

மகள் எழுந்து வந்து பார்த்தாள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃப்ரிட்ஜ்ல ஒட்டற மேக்னட்டாம்மா? சூப்பரா இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிற்காத சிரிப்பு. இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஃப்ரிட்ஜ் என்றதும்தான் ஞாபகம் வந்தது. ஓடிஜிக்கு 15 ஆம்ப் பிளக். எங்கள் சமையலறையில் அந்தப் பாயிண்ட் ஒன்றே ஒன்று, அதுவும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். மாலை ஆறு மணிக்கு ஃப்ரிட்ஜைப் பிடுங்கிவிட்டு ஓடிஜியைச் சொருகியவள், திரும்ப மாட்டவே இல்லை. திறந்தால் இட்லி மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, கீழ்த்தட்டுக் கத்தரிக்காய் மேலெல்லாம் வழிந்திருக்கிறது. சமையலறைக்கு ஒரே ஒரு பவர் பாயிண்ட் போதும், அதையும் ஃப்ரிட்ஜ் முதுகுக்குப் பின்னால் வைப்போம் என்று முடிவு செய்த அந்த மகானுபாவன் வாழ்நாளில் ஒருநாளாவது சமையலறைக்குள் நின்றிருப்பானா? பால்கனியில் மூன்று வைத்திருக்கிறான். பால்கனியில்! அங்கே நான் என்ன, துளசிக்குக் கிரைண்டரா ஓட்டப்போகிறேன்?