ஆற்றைச் சுற்றி வருகிறவர்களிடம் 10 ரூபாய்

சென்ற மாதம் முதல் தேதியிலிருந்து எங்கள் அரசு மருத்துவமனை வளாகத்தில் வண்டி நிறுத்த நாங்களும் காசு கொடுக்கிறோம். நாங்கள் என்றால் அங்கேயே வேலை பார்க்கிறவர்கள்: செவிலியர்கள், மருந்தாளுநர்கள், ஆய்வகத்தில் இருப்பவர்கள், துப்புரவுப் பணியாளர்கள், காவலாளிகள். பின்பக்கம் சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பதினைந்து வருடமாக என் வண்டி அங்கேதான் நிற்கும். கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். வளாகம் முழுவதற்குமான வாகன நிறுத்தத்தை ஏலம் விட்டாயிற்று. இனி ஊழியர், நோயாளி, பார்வையாளர் எல்லாருக்கும் ஒரே சீட்டு, 12 மணி நேரத்துக்கு 10 ரூபாய்.

இரவுப் பணிக்கு வருகிறவர்களைப் பேருந்து நிலையத்திலிருந்து ஏற்றி வரும் வேன் ஒன்றும் இருந்தது. அதை நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. டீசல் செலவாம்.

மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். என் ஊரும் வேண்டாம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருக்கிறது என்பது போதும்.

பத்து ரூபாய்தானே என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நேராகக் கோடு போட்டால் 8 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் நடுவில் ஓர் ஆறும் இரண்டு வாய்க்கால்களும் ஓடுகின்றன. பாலம் எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் திரும்ப வேண்டும். அப்படிச் சுற்றினால் 16 கிலோமீட்டர். டெல்டாவில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. எதிர்க்கரையில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அரை மணி நேரம் சுற்றித்தான் போவோம். ஆற்றங்கரைச் சாலைகள் அகலமானவை அல்ல. தை மாதம் அறுவடை இயந்திரம் ஒன்று எதிரே வந்தால் வண்டியைக் கீழே இறக்கி வயல் ஓரத்தில் நிற்க வேண்டும். பாதிச் சாலையில் நெல் காய்ந்துகொண்டிருக்கும். நெல்லின் மேல் ஏற்ற மனம் வராது.

காலைப் பணி 7 மணிக்கு. 6:45-க்குள் வார்டில் இருந்தால்தான் இரவுப் பணியில் இருந்தவரிடம் நோயாளிகளின் நிலையைக் கேட்டுப் பொறுப்பை வாங்க முடியும். எங்கள் ஊருக்கு முதல் நகரப் பேருந்து வருவதே 7:20-க்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தத் திட்டத்தை நான் மனமாரப் பாராட்டுகிறவள். எங்கள் ஊரில் வயல் வேலைக்குப் போகிற பெண்கள் கையில் அதனால் காசு மிஞ்சுவதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆனால் 7 மணிக்குப் பணியேற்க வேண்டியவளுக்கு 7:20 பேருந்தின் இலவச டிக்கெட்டால் என்ன பயன்? மாலைப் பணி 7 மணிக்கு முடிந்து, கணக்கெல்லாம் ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது கடைசிப் பேருந்து போயிருக்கும். எனவே ஸ்கூட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகும் ஸ்கூட்டர்தான். ஆசைப்பட்டு ஓட்டவில்லை, வேறு வழியில்லாமல் ஓட்டுகிறேன்.

இதையெல்லாம் சொன்னால் மேலிடத்தில் ஒரு சொல் தயாராக இருக்கிறது: சலுகை. ஊழியர்களுக்கு இதுவரை கொடுத்த சலுகையை முறைப்படுத்துகிறோம் என்கிறார்கள். அந்தச் சொல்லோடுதான் என் சண்டை. சலுகை என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் பிறகு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுக்கும்போது யாரும் கேட்கவும் கூடாது. மருத்துவமனைக்கு வந்து சேராமல் நான் ஊசி போட முடியாது. வந்து சேருவது வேலையின் ஒரு பகுதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். அரசு அலுவலகங்களும் மருத்துவமனைகளும் ஊருக்கு நடுவில் இருந்த காலம் போய்விட்டது. திருவாரூர் ஆட்சியரகம் விளமலில் இருக்கிறது. தஞ்சாவூர் ஆட்சியரகம் திருச்சி சாலைக்குப் போய்விட்டது. மயிலாடுதுறை 2020-இல் மாவட்டமானது, அதன் ஆட்சியரகம் மன்னம்பந்தலில் எழுந்தது. நாகப்பட்டினத்துக்கு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது, அது ஒரத்தூரில். இடம் வேண்டும், ஊருக்குள் இடமில்லை, வெளியே போகிறார்கள். அதில் தவறு காண மாட்டேன். ஆனால் கட்டடம் நகர்ந்தபோது பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் கூடவே நகரவில்லை. அந்த மீதித் தூரத்தை யார் கடப்பது, யார் செலவில் கடப்பது? ஊழியர் தன் செலவில் கடக்கட்டும் என்று கேட்காமலேயே முடிவாகிவிட்டது. சரி, கடந்தோம். இப்போது கடந்து வந்து நிறுத்துவதற்கும் காசு.

கணக்குக்கு வருகிறேன். இரவுப் பணி மாலை 7 முதல் காலை 7 வரை. முன்னும் பின்னும் சேர்த்தால் வண்டி ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் மணி நேரம் நிற்கும். சீட்டு 12 மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஆகவே இரவுப் பணிக்கு 20 ரூபாய். எங்கள் வார்டில் துப்புரவுப் பணி பார்க்கும் அக்கா ஒருவர் மாதம் 26 நாள் வருகிறார், அதில் 8 இரவு. அவருக்கு மாதம் 340 ரூபாய் ஆகிறது. அவர் ஒப்பந்தப் பணியாளர். பிடித்தமெல்லாம் போக அவர் கைக்கு வருவதில் அது ஒரு நாள் கூலிக்குப் பக்கத்தில் வருகிறது. மாதத்தில் ஒரு நாள் வண்டியை நிறுத்துவதற்காகவே அவர் வார்டைக் கழுவுகிறார். எனக்கு இந்தப் பணம் எரிச்சல். அவருக்கு இது பேரனின் பால்.

முதல் வாரத்தில் அவர் வண்டியை வெளியே பெட்டிக்கடை ஓரமாக நிறுத்தினார். நான்காம் நாள் காலையில் வந்து பார்த்தால் பேட்டரி இல்லை.

ஸ்டாண்டில் சீட்டுக் கிழிக்கும் தம்பியிடம் எனக்குக் கோபமே இல்லை. அவனுக்கும் சொற்பக் கூலிதான். முதல் நாள் என்னைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவமனை இது.

ஒப்பந்தப் பணியாளர்களைப் போலவே பாதிக்கப்படுகிறவர்கள் தொகுப்பூதியச் செவிலியர்கள், அதாவது பணி நிரந்தரம் ஆகாமல் மாதம் ஒரே தொகையாகச் சம்பளம் வாங்குகிறவர்கள். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வெழுதி வந்தவர்கள் 7,700 ரூபாயில் சேர்ந்தார்கள். போராடிப் போராடி அது 14,000 ஆயிற்று, பிறகு 18,000 ஆயிற்று. பணி நிரந்தரம் கிடைக்காமல் வருடக்கணக்காகக் காத்திருந்த பிள்ளைகள் எத்தனை பேர்! வேறு மாவட்டங்களிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிறார்கள். வேன் நின்றதில் அதிகம் தவித்தது இவர்கள்தான். இரவு 7 மணிப் பணிக்குப் பேருந்து நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் தனியாக வருகிற பெண்ணின் அம்மா, மகள் வார்டுக்குள் போய்ச் சேர்ந்தாளா என்று தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வேனின் டீசலை மிச்சப்படுத்தியவர்கள் அந்த அம்மாவைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களா?

என் நாத்தனார் கிராம சுகாதாரச் செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அந்த 5,000 பேர் ஒரே தெருவிலா இருக்கிறார்கள்? ஆறேழு குக்கிராமங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால். கர்ப்பிணிகளைப் பார்க்க, தடுப்பூசிக்கு அழைத்து வர, எல்லாம் சொந்த வண்டி. பயணப்படிப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார். நிதி ஒதுக்கீடு வரவில்லை என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பெயரிலேயே தேடிப் போவது இருக்கிறது. தேடிப் போகிறவளின் பெட்ரோலை யாராவது எண்ணிப் பார்க்க வேண்டாமா?

எங்கள் தெருவில் மத்திய அரசுப் பணியில் இருக்கும் ஒருவருக்குச் சம்பளப் பட்டியலில் போக்குவரத்துப்படி என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அவர் நிலையில் இருப்பவர்களுக்கு எங்கள் பகுதி போன்ற இடங்களில் 1,800 ரூபாய், அதற்கு மேல் அகவிலைப்படி. அவருக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. வேலைக்குப் போய்வருவது ஒரு செலவு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது, அதைத்தான் சுட்டிக்காட்டுகிறேன். என் சம்பளப் பட்டியலில் அப்படி ஒரு வரி இல்லை.

என்னோடு பயிற்சி முடித்த தோழி ஒருத்தி இங்கிலாந்தில் செவிலியராக இருக்கிறாள். அங்கேயும் இதே கதை என்கிறாள். பெருந்தொற்றுக் காலத்தில் மருத்துவமனை ஊழியர்களுக்கு வாகன நிறுத்தம் இலவசம் என்றார்கள். 2022 மார்ச்சோடு அதற்கான அரசுப் பணம் நின்றது, பல மருத்துவமனைகள் மறுபடியும் வசூலிக்கத் தொடங்கின. பக்கத்தில் வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் 2008-இலேயே பெரும்பாலான மருத்துவமனைகளில் இந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். மனம் இருந்தால் முடியும்.

கார், ஸ்கூட்டர் குறையட்டும், சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதற்கும் இங்கிலாந்திலேயே பதில் இருக்கிறது. நாட்டிங்காம் நகரில் 2012-இலிருந்து அலுவலக வாகன நிறுத்தத்துக்கு வரி உண்டு. வரி விதிக்கப்படுவது முதலாளி மீது, அதுவும் 11 இடங்களோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள் மீது. அந்தப் பணம் டிராம் பாதைக்குப் போயிற்று. அவசரப் பணிகளுக்கும் நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் மருத்துவ இடங்களுக்கும் முழு விலக்கு கொடுத்தார்கள். எங்களுக்கு 6 மணிக்கு ஒரு பேருந்து விடுங்கள், நாளைக்கே ஸ்கூட்டரை வீட்டில் நிறுத்திவிட்டு வருகிறேன். பேருந்தும் இல்லாமல் கட்டணம் மட்டும் வாங்கினால் காற்று எப்படிச் சுத்தமாகும்?

2020 மே 3 அன்று, கொரோனாப் பணிக்கு நன்றி என்று ஹெலிகாப்டர்களிலிருந்து மருத்துவமனைகள் மேல் பூத்தூவினார்கள். அதற்குச் சில நாள் முன்னால்தான் மாநில அரசு எங்கள் அகவிலைப்படி உயர்வையும், எடுக்காத விடுப்பைக் கொடுத்துப் பணமாக வாங்கிக்கொள்ளும் சரண் விடுப்பையும் நிறுத்திவைத்திருந்தது. கடினமான காலம், பொறுத்துக்கொண்டோம். தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். சரண் விடுப்புத் திரும்பி வர 2025 அக்டோபர் ஆயிற்று. அதனால்தான் சின்ன வெட்டு என்று சொல்லும்போதும் எனக்குப் பயம் வருகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் இரவுப் பணியில் இருந்தேன். காலை 7 மணிக்கு என்னிடம் பொறுப்பை வாங்க வேண்டியவர் 11 மணிக்கு வந்தார். வழியெல்லாம் தென்னைகள் சாய்ந்து கிடந்தன. கணவரும் அவருமாக ஒவ்வொரு மரத்துக்கு மேலும் வண்டியைத் தூக்கி வைத்துக் கடந்திருக்கிறார்கள். அவர் வீட்டுக் கூரை அந்த இரவில் போயிருந்தது. முழங்கால் வரை சேறு. புடவையை மாற்றிக்கொண்டு நேராகப் பிரசவ வார்டுக்குள் போனார். அந்த வண்டி பின்பக்கத் தகரக் கொட்டகையில் மட்கார்டு உடைந்து நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அவர் இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். கடைசி மாதங்களில் அவரும் சீட்டு வாங்குகிறார்.

வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் மனு கொடுக்கிறோம். ஊழியர்களின் வண்டிக்குக் கட்டணம் கூடாது, கொட்டகையைத் திரும்பக் கட்ட வேண்டும், இரவுப் பணிக்கு வேன் மறுபடி ஓட வேண்டும், காலை 6 மணிக்கு எங்கள் தடத்தில் ஒரு நகரப் பேருந்து வேண்டும். இதுவரை 63 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஒப்பந்தப் பணியாளர்கள் கையெழுத்திடப் பயப்பட்டார்கள், வேலை போய்விடுமோ என்று. அந்தத் துப்புரவு அக்கா மட்டும் பேனாவை வாங்கி, பெயரை நிதானமாக எழுத்துக் கூட்டி எழுதினார். அவர் பெயரைத்தான் முதல் பெயராக வைத்திருக்கிறோம்.