பக்கத்து லயன்காரர் எந்தப் பட்டியலில் வருவார்?
"ஒன்றுவிட்ட சொந்தங்களை விட்டுவிட்டு நூறு பேரோடு கல்யாணத்தை முடித்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்" என்று கல்யாண விருந்தினர் பட்டியலைச் சுருக்குவது பற்றிய கட்டுரையில் எழுதியிருப்பதை எங்கள் நீலகிரிப் பந்தலூர்ப் பக்கம் வந்து சொல்லிப் பாருங்கள். இலங்கையின் இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்த 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்த தேயிலைத் தோட்டக் குடும்பம் எங்களுடையது. தாத்தாவின் தம்பி அங்கேயே தங்கிவிட்டார். ரத்த சொந்தத்தில் பாதி கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே பிரசவத்துக்கு ஓடிவந்ததும் பாடைக்குத் தோள் கொடுத்ததும் பக்கத்து லயன்காரர்கள்தான் (லயன் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). அக்கா கல்யாணத்தில் மண்டபம் சின்னது என்று அந்த லயன் பெரியம்மா ஒருவருக்குப் பத்திரிகை வைக்காமல் விட்டோம். வந்தார், 500 ரூபாய் மொய் எழுதினார், பந்தியில் உட்காராமலே போய்விட்டார். மறுநாள் அப்பா வெற்றிலை பாக்கோடு போய் நின்றும் ஆறு மாதம் பேச்சில்லை. (மொய் நோட்டை முதலிலேயே புரட்டியிருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது, எங்கள் வீட்டில் அதுதான் அசல் விருந்தினர் பட்டியல்.) பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும் என்று இன்னொரு வாசகர் சொல்கிறார். கோயம்புத்தூர்ச் சொந்தத்துக்குச் சரி, 2024 மே முதல் வெளியூர் வண்டிகள் நீலகிரி மலையேற இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) வேண்டும் என்பதால் அந்த விவரத்தையும் சேர்த்தே அனுப்பலாம். பக்கத்து லயனுக்கு நடந்துதான் போகவேண்டும்.