சும்மா படம் காட்டுகிறேனாம்

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை நடந்த கூட்டத்தில் என்னைப் பற்றிப் பேசியது உங்களில் பலருக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருக்கும். "பாடம் எடுக்காமல் மியூசியம் படம் காட்டிப் பொழுதை ஓட்டுகிறார்" என்று ஒருவர் சொன்னார், நாலு பேர் சிரித்தார்கள். அங்கே என்னைப் பேச விடவில்லை. சரி, இங்கே பேசுகிறேன்.

மெய்நிகர் அருங்காட்சியக உலா, அதாவது அருங்காட்சியகத்தை இணையம் வழியே திரையில் சுற்றிப் பார்ப்பது, பொழுதுபோக்கு இல்லை. பாடம்.

என் வகுப்பில் அன்று திரையில் ஓடியது அப்பல்லோ 11-இன் கொலம்பியா கலம். 1969-இல் நிலவுப் பயணம் போன மூன்று பேரையும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது. அது இருக்கும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு நேரில் போனாலும் வெளியே நின்றுதான் பார்க்கலாம், உள்ளே ஏற விடமாட்டார்கள். 2016-இல் அதை முப்பரிமாண ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டார்கள். அதில் உள்ளே போகலாம். சுவரில் வீரர்கள் கையால் கிறுக்கிய எண்கள், நாட்களை அடித்துக்கொண்டே வந்த குட்டிக் காலண்டர், ஒரு பெட்டகத்தின் மேல் 'நாறும் கழிவு!' என்ற எச்சரிக்கை. அதைப் படித்துப் பிள்ளைகள் சிரித்த சத்தம்தான் பக்கத்து வகுப்பு வரை போயிருக்கிறது. கணினி இருந்தும் ஏன் சுவரில் எழுதினார்கள் என்று அடுத்த நிமிடமே ஒரு பெண் கேட்டாள். அது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

"நேரில் பார்ப்பது போல வருமா?" வராது. வரும் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் நேரில் போன கதையும் எனக்குத் தெரியும். பள்ளியில் படிக்கும்போது கூட்டிப் போனார்கள். முன்னால் போகிறவன் தோளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தோம். கண்ணாடிப் பெட்டி முன் நின்று எழுதியிருப்பதைப் படிக்கப் போனால் "நிற்காதே, நட" என்று அதட்டல். திரும்பி வந்ததும் கரும்பலகையில் இருந்த கட்டுரையை எல்லோரும் அப்படியே பார்த்து எழுதினோம். அதற்குப் பெயர் கல்விச் சுற்றுலா! யாரும் சிரிக்கவில்லை.

தொட்டுப் பார்க்க முடியாதே என்கிறார்கள். எந்த அருங்காட்சியகத்தில் தொட விடுகிறார்கள், சொல்லுங்கள், நானும் வருகிறேன். கண் கெட்டுவிடும் என்பவர்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லட்டும். எல்லார் வீட்டிலும் இணையம் இல்லை என்பது மட்டும் நியாயமான பேச்சு. அதனால்தான் வீட்டுப்பாடமாகத் தராமல் வகுப்பில் ஒரே திரையில் காட்டுகிறேன். அதுவும் குற்றமென்றால் நான் என்னதான் செய்வது?

போகவே முடியாத இடங்களுக்கு என்ன சொல்வீர்கள்? ஆதி மனிதர்கள் வரைந்த ஓவியங்கள் இருக்கும் பிரான்சின் லாஸ்கோ குகையை 1963-இல் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் விட்ட மூச்சே ஓவியங்களைக் கெடுத்தது. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018-இல் எரிந்துபோனது. முன்பே படம்பிடித்து வைத்திருந்ததால் அந்தப் பழைய கூடங்களைக் கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் இணையதளத்தில் சுற்றி வரலாம். போகக்கூடிய இடங்களுக்கு, "நேரில் போ" என்பவர்களே டிக்கெட் எடுத்துக் கொடுக்கட்டும்.

இணைப்பை அனுப்பிவிட்டு "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் அது பாடமில்லை, ஒத்துக்கொள்கிறேன். நான் அப்படிச் செய்யவில்லையே. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று முந்தின இரவே உட்கார்ந்து கேள்வித்தாள் எழுதுகிறேன். அந்தத் தாளைக் காட்டு என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்டார்களா? நோட்ஸ் சொல்லி எழுத வைத்திருந்தால் நான் நல்ல ஆசிரியர். பிள்ளைகள் வாயைத் திறந்து கேள்வி கேட்டால் வகுப்பில் கட்டுப்பாடு இல்லை!

சிரித்த நாலு பேரில் ஒருவர் போன வருடம் என்னிடமே இந்த இணைப்புகளையெல்லாம் கேட்டு வாங்கிப் போனவர். மற்றவர்கள் சிரித்தது போகட்டும், அவர் சிரித்ததைத்தான் தாங்க முடியவில்லை. பெயர் வேண்டாம், படிக்கும்போது அவருக்கே புரியும்.

அப்புறம், வரும் வாரம் லாஸ்கோ. கேள்வித்தாள் தயார். புரொஜெக்டர் கேபிளை மட்டும் யாரும் 'அவசரம்' என்று தூக்கிக்கொண்டு போகாமல் இருந்தால் போதும்.