84 டிராக், அத்தனையும் சாம்பல்

யாரைக் கேட்டுச் செய்தீர்கள்? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டுடியோவில், உங்கள் ஒலிப்பதிவு மென்பொருளில் செஷனைத் திறக்கிறேன், அதாவது பதிவுகள் மொத்தமும் இருக்கும் கோப்பை. அப்டேட் போடச் சொல்லி நான் எதையும் அமுக்கவில்லை, திறக்கும்போதே அது தானாகப் போட்டுக்கொண்டது. திரை வந்தது. தவில் சாம்பல். உறுமி சாம்பல். நாதஸ்வரம், வயலின், குரல், கோரஸ், எல்லாம் சாம்பல். மேலே இருந்து கீழே வரைக்கும் உருட்டிப் பார்க்கிறேன், கருவிக்கும் குரலுக்கும் தனித்தனியாக ஓடும் பதிவு வரிசைகள், 84 டிராக்கும் ஒரே சாம்பல். ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து, தோற்றத்தை மேம்படுத்தியிருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறது.

நாலு வருஷம் ஐயா. நாலு வருஷமாக ஒவ்வொரு பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி உருவாக்கிய ஒழுங்கு அது. தோல்கருவி எல்லாம் செங்கல் நிறம், அதில் தவில் அடர்த்தி, பறை வெளிர். ஊதுகருவி மஞ்சள். தந்தி பச்சை. கோரஸ் இளநீலம். முதன்மைக் குரல் மட்டும் வாடாமல்லி. வேறு எதற்கும் அந்த நிறத்தைக் கொடுத்ததே இல்லை. கண் வாடாமல்லியைத் தேடிப் போகும், கை பின்னாடியே போகும், பெயரைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. சாம்பலையும் நான் ஒரு காரியத்துக்காகத்தான் வைத்திருந்தேன். வழிகாட்ட மட்டும் கச்சாவாகப் போட்டு வைக்கும் கைடு டிராக், தப்பாகப் பதிவான டேக், பழைய மிக்ஸ், இவற்றுக்கெல்லாம் சாம்பல். என் செஷனில் சாம்பல் என்றால் ‘தொடாதே’ என்று பொருள். இப்போது மொத்த செஷனும் தொடாதே என்கிறது.

டிராக்கின் உயரமும் போச்சு. முதன்மைக் குரல் மட்டும் திரையில் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருக்கும், மற்றவை விரல் கனம். இப்போது எல்லாம் பென்சில் கோடு. அதில் தமிழ்ப் பெயர் எப்படி நிற்கும்? மேலே இகர வளைவு வெட்டு, கீழே உகரச் சுழி வெட்டு. பெயர்ப் பட்டையின் அகலத்தையும் குறைத்துவிட்டார்கள். ‘நாதஸ்வரம் வலது’, ‘நாதஸ்வரம் இடது’ ரெண்டும் ‘நாதஸ்…’ என்று நிற்கின்றன. ‘குரல் முதன்மை’, ‘குரல் கைடு’ ரெண்டும் ‘குரல்…’. நம் சொற்களின் நீளம் இவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

அன்றைக்குப் பார்த்து அந்த அம்மா வந்திருந்தார். திருவாரூர் பக்கத்திலிருந்து, நடவுப் பாட்டும் தாலாட்டும் பாடுகிறவர். வயது எழுபதுக்கு மேல். காலையில் பஸ் ஏறி வந்து, ராத்திரி பத்தரை பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம் போயாக வேண்டும். நாலு பாட்டு எடுத்து முடித்தோம். எட்டரை மணிக்கு, கிளம்பப் போகிறவர் நின்று, “தம்பி, எங்கம்மா பாடுன தாலாட்டு ஒண்ணு இருக்கு, அதைப் பாடட்டுமா?” என்றார். நான் கேட்டதில்லை. எங்கேயும் பதிவானதும் இல்லை.

“பாடுங்கம்மா” என்றேன். அவர் மறுபடி உள்ளே போய் மைக் முன்னால் நின்றார். முந்தின நாலு பாட்டையும் தனித்தனி டிராக்கில் எடுத்து முடித்து, மூடி வைத்திருந்தேன். புது டேக்குக்கு முதன்மைக் குரல் டிராக்கை ஆர்ம் செய்ய வேண்டும், அதாவது பதிவுக்குத் தயாராக்க வேண்டும். கண் வாடாமல்லியைத் தேடுகிறது. இல்லை. ‘குரல்…’ என்று ஒன்று. அதற்குக் கீழே ‘குரல்…’ என்று இன்னொன்று. ரெண்டும் ஒரே கனம், ஒரே சாம்பல். உள்ளே அவர் கண்ணை மூடிவிட்டார். பாடுகிறவர் கண்ணை மூடிய பிறகு “ஒரு நிமிஷம் இருங்கம்மா” என்று சொல்லக் கூடாது, அது இந்தத் தொழிலில் பாவம். மேலே இருந்ததை ஆர்ம் செய்தேன். சிவப்பு எரிந்தது. ரெக்கார்டு அமுக்கினேன்.

மேலே இருந்தது கைடு. பழைய ஒழுங்கில் கைடு எப்போதும் அடியில், மடக்கி வைத்த ஃபோல்டருக்குள் கிடக்கும். அப்டேட் அந்த ஃபோல்டரையும் திறந்து வரிசையைக் கலைத்திருக்கிறது. கைடு டிராக்குக்கு இன்புட் 2, அதாவது நான் உட்கார்ந்திருக்கும் மேஜையில் இருக்கும் பேச்சு மைக். அந்த அம்மாவின் முன்னால் இருந்த நல்ல மைக் இன்புட் 1.

ஹெட்ஃபோனில் எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தது, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸிலிருந்து நேராக வரும் ஒலி. தாமதம் இல்லாமல் கேட்க எல்லோரும் அப்படித்தானே வைத்திருப்போம், மென்பொருளுக்குள் என்ன பதிவாகிறது என்பது அதில் வராது. காதில் அவர் குரல் முழுசாக, மூச்சுச் சத்தம் உட்பட வந்துகொண்டிருந்தது. திரையில் ஒரு கோடு ஓடியது. டிராக் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தால் முதல் வரியிலேயே பிடித்திருப்பேன். அலை இவ்வளவு ஒல்லியாக இருக்கிறதே என்று கண் சொல்லியிருக்கும். பென்சில் கோட்டில் பெரிய அலையும் கோடுதான், சின்ன அலையும் கோடுதான்.

ஆறு நிமிஷம் பாடினார். கடைசி வரியில் குரல் உடைந்தது. வெளியே வந்து, “இனிமே இதைப் பாட முடியுமான்னு தெரியல தம்பி” என்றார். திருப்பிப் போட்டுக் கேட்க நேரமில்லை. ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, பதினொன்றரைக்கு உட்கார்ந்து பிளே அமுக்குகிறேன். ரெட்டைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ பாடுவது மாதிரி ஒரு முனகல். அதற்கு மேல் ஃபேன் சத்தம். நடுவில் என் நாற்காலி கிறீச்சிடுகிறது. ஒரு இடத்தில் நான் தண்ணீர் குடிப்பது தெளிவாகக் கேட்கிறது.

இதைச் சொன்னால், ‘மிக்ஸ் காதால பண்ற வேலை, கலர்ல என்ன இருக்கு?’ என்று ஒருவர் வருவார். உங்களுக்கு எட்டு டிராக் இருக்கும், எனக்கு 84. இது அழகுக்காகச் செய்வது இல்லை. தவில்காரர் வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொள்வது அழகுக்கா? சின்ன வயதில் நான் உதவியாளாக இருந்த ஸ்டுடியோவில் அனலாக் கன்சோல், அதாவது ஒலியைக் கலக்கும் பெரிய மேஜை இருந்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் வரிசைக்கு அடியில் வெள்ளை டேப்பை நீளமாக ஒட்டி, மார்க்கரில் தவில், நாதஸ், குரல் என்று எழுதுவோம். குரலுக்கு மட்டும் சிவப்பு மார்க்கர். வேலை முடிந்ததும் டேப்பைக் கிழிக்காமல் உரித்துச் சுவரில் ஒட்டி வைப்போம். மறுநாள் அதே பாட்டு வந்தால் அதே டேப் அதே இடத்துக்குத் திரும்பும். ராத்திரி பெருக்க வருகிற அண்ணன்கூட அந்த டேப்பைத் தொட மாட்டார். கோடி ரூபாய் கன்சோலில் இருந்த மரியாதை அது.

சரி, நிறத்தைக் காப்பாற்ற எவ்வளவு இடம் வேண்டும்? சிவப்பு, பச்சை, நீலம், ஆளுக்கு ஒரு பைட். ஒரு டிராக்குக்கு மூன்று பைட். 84 டிராக்குக்கு 252 பைட். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில், அதாவது விநாடிக்கு 48,000 தடவை மூன்று மூன்று பைட்டாக, ஒரே ஒரு மோனோ குரல் ஒரு விநாடிக்கு 1,44,000 பைட் தின்கிறது. அதாவது, என் நாலு வருஷ ஒழுங்கின் நிறம் மொத்தமும் அந்த அம்மாவின் குரலில் இரண்டு மில்லி விநாடிகூட இல்லை. அந்த 252 பைட்டை உங்களால் பத்திரமாக வைக்க முடியவில்லை.

முடியாத காரியமா இது? ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் செஷன் கோப்பை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு டிராக்கின் நிறமும் உயரமும் வெறும் எழுத்தாக எழுதியிருக்கும், எவரும் படிக்கலாம். விண்ஆம்ப் என்ற பாட்டு பிளேயரைச் செய்த ஜஸ்டின் ஃபிராங்கலின் கை அது. அந்த பிளேயரின் தோற்றத்தை மாற்ற ஆளுக்கு ஒரு ஸ்கின் போட்டுப் பாட்டுக் கேட்ட தலைமுறைக்கு அந்த அருமை தெரியும். ரீப்பரோடு எஸ்.டபிள்யூ.எஸ் என்ற நீட்டிப்பைப் போட்டால் டிராக் பெயரைப் பார்த்து அதுவே நிறம் பூசும். லாஜிக் என்ற இன்னொரு மென்பொருளில் ஆப்ஷனும் சியும் சேர்த்து அமுக்கினால் நிறப் பெட்டி வந்து நிற்கிறது. புரோ டூல்ஸ் மென்பொருளில் டிராக் உயரத்துக்கு மட்டும் மைக்ரோவிலிருந்து எக்ஸ்ட்ரீம் வரை படிப்படியாக வைத்திருக்கிறார்கள். இவர்களெல்லாம் வேலை வெட்டி இல்லாமல் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் திரும்பப் பூசினேன். வலது கிளிக், மெனு, உள்மெனு, நிறம், மூடு. 84 தடவை. புதுப் பேலட்டில் 24 நிறம்தான், வாடாமல்லி கிடையாது. பச்சையையும் செங்கலையும் ஒரே வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்கள். என்னிடம் வேலை பார்க்கிற தம்பிக்குச் சிவப்பு பச்சை பிரித்துத் தெரியாது, அடர்த்தியை வைத்துத்தான் தவிலையும் வயலினையும் கண்டுபிடிப்பான். “அண்ணே, ரெண்டும் ஒண்ணா இருக்கு” என்கிறான். சேமித்து மூடிவிட்டுத் திறந்தேன். மறுபடி சாம்பல். புதுத் தீம்தான் முன்னால் நிற்குமாம், நாம் கொடுத்த நிறம் அதற்குப் பின்னால்தானாம். எழுதிக் கேட்டதற்கு, இது ரசனை சார்ந்த விஷயம், உங்கள் கருத்தைக் குறித்துக்கொண்டோம் என்று பதில். ஆறு நிமிஷத் தாலாட்டு போனது என் ரசனையா?

திங்கள் காலை அந்த அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “கேக்குற மாதிரியாச்சும் இருக்கா தம்பி?” என்றார். “இருக்கும்மா, தூரத்துல கேக்குது” என்றேன். “எங்கம்மா பாடுறதும் எனக்கு அப்படித்தான் கேக்கும், அடுத்த வீட்டுத் திண்ணைலேருந்து” என்றார். மாசிக்கு மேல் வருகிறேன் என்றார்.

வரட்டும். அவருக்காக ஒரு நல்ல மைக் ஸ்டாண்டு வாங்கி வந்தேன். அதன் முனை மூன்றில் எட்டு அங்குலத் திருகு, என் மைக் கிளிப் ஐந்தில் எட்டு அங்குலம். நடுவில் போடுகிற அந்தப் பித்தளை வளையத்தைப் பெட்டியில் வைக்கவில்லை. இத்தனை வருஷமாக உலகத்தில் ரெண்டு அளவு திருகு ஓடிக்கொண்டிருக்கிறது, ஒருத்தராவது உட்கார்ந்து பேசி ஒன்றாக்கக் கூடாதா? பத்து ரூபாய் வளையம். ரிச்சி தெருவுக்கு இந்த வெயிலில் இதற்காகப் போக வேண்டும்.