வயிற்றுப் பிள்ளை சின்னதாக இருந்தால் பிரசவம் சுலபமா?

"வயிற்றில் பிள்ளை சின்னதாக இருந்தால் நல்லது, பிரசவம் சுலபம், பிறந்த பிறகு புட்டிப்பால் கொடுத்துக் கொழுகொழுவென்று ஆக்கிவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. நம்பினால் ஆபத்தும்கூட.

பெற்றோரைப் போல இயல்பாகவே சிறிய பிள்ளை வேறு, நஞ்சுக்கொடி வழியே ஆக்சிஜனும் சத்தும் போதாமல் வளர்ச்சி தடைப்பட்ட பிள்ளை வேறு. தடைப்பட்ட பிள்ளை இருப்பதை வைத்துச் சமாளிக்கிறது: ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது, குடல், சிறுநீரகம், கை கால்களுக்குப் போவது குறைகிறது. அதனால்தான் பிறக்கும்போது தலை மட்டும் பெரிதாகத் தெரியும், தொடைத் தோல் தளர்ந்து சுருங்கியிருக்கும். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் இந்தத் திருப்பத்தைப் பிறக்கும் முன்பே பார்க்கலாம்.

சரி, பிரசவம் சுலபமா? ஒவ்வொரு வலியின்போதும் பிள்ளைக்குப் போகும் ஆக்சிஜன் குறையும். ஏற்கெனவே தட்டுப்பாட்டில் இருக்கும் பிள்ளை அதைத் தாங்குவது கடினம்.

அப்புறம் அந்தக் கொழுகொழு. சிறுநீரகத்தின் வடிகட்டிகள் கர்ப்பத்தின் சுமார் 36 வாரத்தோடு உருவாகி முடிந்துவிடும். வயிற்றில் சத்துப் போதாமல் அவை குறைந்துபோனால், பிறந்த பிறகு எவ்வளவு ஊட்டினாலும் ஈடுகட்ட முடியாது. அவசரமாக ஏற்றும் எடை பெரும்பாலும் கொழுப்பாகச் சேர்ந்து, பின்னாளில் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

ஸ்கேனில் எடை குறைவு என்றால் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அசைவு குறைந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.