அந்த ‘ஏ’ வேறு, இந்த ‘ஏ’ வேறாம்

ஹாஸ்கெல் மொழிப் புரோகிராமில், மதிப்பைப் போட்டு மூடும் கன்ஸ்ட்ரக்டரில், அதை எழுத்தாக்கிக் காட்ட உதவும் ‘ஷோ’ என்ற ஒரு வார்த்தையை எழுதாமல் விட்ட புண்ணியவானே, நீங்கள் யாராக இருந்தாலும் சரி, எனக்குப் பதில் சொல்ல வேண்டும். காவடிக்கு முந்தின நாள் மூன்று மணிக்கே மொரீஷியஸின் எபேனில் இருக்கும் ஆபீஸை விட்டுக் கிளம்பி, ரோஸ் ஹில்லில் பூ வாங்கிக்கொண்டு போய், தம்பியோடு உட்கார்ந்து காவடி கட்ட வேண்டியவன் நான். ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஒரு சிவப்பு எரரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வேலை என்ன பெரிய வேலை? வருகிற ஈவென்ட் ஒவ்வொன்றையும் லாகில் ஒரு வரியாக எழுத வேண்டும். இன்னொரு குழு எழுதிக் கொடுத்த ஹாஸ்கெல் லைப்ரரியில் ‘ஈவென்ட்’ என்று ஒரு எக்ஸிஸ்டென்ஷியல் டைப், அதாவது உள்ளே இருப்பது எந்த டைப் (எந்த வகை மதிப்பு) என்பதை மறைத்து வைக்கும் டைப். எதை வேண்டுமானாலும் உள்ளே போட்டு மூடலாம், வெளியே எல்லாமே ஈவென்ட் என்று ஒரே லிஸ்டில் நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மூடுகிற இடத்தில் ஒரு டைப் கிளாஸ் கூட, அதாவது ‘இந்த டைப்பை வைத்து இன்னது செய்யலாம்’ என்ற உத்தரவாதம் எதுவும், கேட்கவில்லை. ஷோ கிடையாது, சமமா என்று பார்க்கும் ஈக்யூ கிடையாது, என்ன டைப் என்று சொல்லும் டைப்பபிள் கூட கிடையாது. காவடியில் இரண்டு பக்கமும் செம்பு கட்டுகிறோம், வாயை இறுக்கிக் கட்டியிருந்தாலும் கோயிலில் போய் அவிழ்த்தால் பால் இருக்கும். இந்தச் செம்பை அவிழ்த்தாலும் உள்ளே இருப்பதை எதுவும் செய்ய முடியாது. புரோகிராம் ஓடும்போது டைப் என்ற தகவலே மிச்சம் இருக்காது. கன்ஸ்ட்ரக்டரில் ஷோ என்று எழுதியிருந்தால் அதன் ஃபங்ஷன்கள் அடங்கிய டிக்‌ஷனரி ஒன்று மதிப்போடு சேர்ந்து உள்ளே போயிருக்கும், திறக்கிறவன் கைக்கு அதுவும் வந்திருக்கும். எழுதவில்லை, அதனால் போகவில்லை. அப்புறம் தலைகீழாக நின்றாலும் வராது.

சரி, நடந்ததைக் கேளுங்கள். முதலில், மதிப்புக்குப் பெயர் வைக்கும் ‘லெட்’ போட்டுத் திறந்து பார்த்தேன். எங்கள் ப்ராஜெக்ட்டில் இருப்பது பழைய ஜிஹெச்சி, ஹாஸ்கெலின் கம்பைலர். அது சொன்ன பதிலை அப்படியே தமிழில் போடுகிறேன்: என் மூளை இப்போதுதான் வெடித்தது. அது வெடித்ததாம்! எக்ஸிஸ்டென்ஷியலை லெட்டில் திறக்க முடியாது, வடிவம் பார்த்துப் பிரிக்கும் கேஸ் போடு என்று கூடவே ஒரு அறிவுரை. கேஸ் போட்டேன். ஷோ ஏ-வுக்கு இன்ஸ்டன்ஸ் இல்லை என்றது; ‘ஏ’ என்பது உள்ளே இருக்கும் டைப்புக்கு வைத்த பெயர், அதற்கு ஷோ செய்யும் வழி கையில் இல்லை என்று அர்த்தம். பக்கத்து மேசை அண்ணனிடம் கேட்டேன். அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை, “உன் ஃபங்ஷன் சிக்னேச்சரில் ஷோ ஏ போடுப்பா, முடிஞ்சது” என்றார். ஃபங்ஷனின் டைப்பை அறிவிக்கும் அந்த வரியில் போட்டேன். இப்போது ‘ஏ0’ எது என்று தெரியவில்லை, ஆம்பிகுவஸ் என்று இன்னொரு எரர். அதன் அடியிலேயே ஒரு வழியும் காட்டியிருந்தது, ‘அலவ் ஆம்பிகுவஸ் டைப்ஸ்’ என்ற எக்ஸ்டென்ஷனை (கூடுதல் மொழி வசதியை) ஆன் செய்யலாமாம். கம்பைலரே சொல்கிறதே என்று நம்பி ஆன் செய்தேன். வந்தது இன்னொரு எரர்: ‘ஷோ ஏ’ கையில் இருக்கிறது, ஆனால் வேண்டியது ‘ஷோ ஏ1’.

ஏ1 யார்? நான் எழுதியது ஏ. லைப்ரரியில் எழுதியிருப்பதும் ஏ. ஒரு மணி நேரம் ஃபைல் ஃபைலாக ஏ1-ஐத் தேடினேன், எங்கேயும் இல்லை. எங்கள் ஆபீஸில் ராம்சாமி இரண்டு பேர். ஒரு ராம்சாமிக்கு லீவு கொடுத்துவிட்டு இன்னொருவரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா? அதே கதைதான் இது. என் சிக்னேச்சரில் இருக்கிற ஏ, ஃபங்ஷனைக் கூப்பிடுகிறவன் முடிவு செய்வது. பெட்டிக்குள் இருக்கிற ஏ, அதை மூடினவன் எப்போதோ முடிவு செய்தது. இரண்டுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது, அதனால் கம்பைலர் தானாகவே ஒன்றுக்கு ஏ1 என்று பெயர் வைத்துவிட்டது. இதை ஒரு வரியில் சொல்லித் தொலைத்திருந்தால் நான் நாலு மணிக்கு பஸ் ஏறியிருப்பேன். சம்பந்தமே இல்லாத ஓர் எக்ஸ்டென்ஷனை ஆன் செய்யச் சொல்லி எதற்கு ஆளைச் சுற்றவிட வேண்டும்?

அப்புறம், கன்ஸ்ட்ரக்டர் வரியில் ஏ-வுக்கு முன்னால் எழுத வேண்டிய அந்த ‘ஃபார்ஆல்’. ‘ஏதோ ஒரு டைப் இருக்கிறது’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘எல்லா டைப்புக்கும்’ என்று எழுத வைத்திருக்கிறார்கள். காரணம் எனக்கும் தெரியும், கன்ஸ்ட்ரக்டரைத் தனி ஃபங்ஷனாகப் பார்த்தால் அது எந்த ஏ-வையும் வாங்கிக்கொள்ளும், ஆகவே ஃபார்ஆல் சரி. சரியாக இருந்தால் போதுமா, படிக்கிறவனுக்குப் புரிய வேண்டாமா? மிட்செல், பிளாட்கின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மறைத்து வைத்த டைப்புக்கு எக்ஸிஸ்டென்ஷியல் என்று விளக்கம் கொடுத்து எழுதியது 1988-ல். வாட்லரும் பிளாட்டும் டைப் கிளாஸை முன்வைத்த கட்டுரை 1989-ல். இத்தனை வருடம் கழித்தும் புதிதாக வருகிற பிள்ளைகள் இதே ஒரு வார்த்தையில் தடுக்கி விழுகிறார்கள், எனக்கு அதுதான் வயிற்றெரிச்சல். ஜிஏடிடி முறையில் கன்ஸ்ட்ரக்டரின் டைப்பை முழுசாக ஒரே வரியில் எழுதுங்கள் என்று நான் கத்திக்கொண்டே இருக்கிறேன். அப்படி எழுதியிருந்தால் ஷோ விட்டுப்போனது பார்த்த மாத்திரத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

கேஸ் போட்டபோது வந்த அந்த எரரை எட்டு மணிக்கு மறுபடி வரவழைத்துக் கடைசி வரை படித்தேன். அடியில் இருந்தது: ஈவென்ட் கன்ஸ்ட்ரக்டரின் கான்டெக்ஸ்டில் (அது கேட்கும் டைப் கிளாஸ் பட்டியலில்) ஷோ ஏ-வைச் சேர்க்கவும். சரியான பதில். அந்த ஃபைலைத் தொட எனக்கு அனுமதி கிடையாது, அதற்கு அனுமதி உள்ள ஆட்கள் மத்தியானமே காவடி கட்டக் கிளம்பிப் போயாயிற்று.

கோயில் தெருவுக்கு நான் போனபோது ஒரே ஒரு பூக்கடைதான் திறந்திருந்தது. ஓரமெல்லாம் கறுத்துப்போன சாமந்தி, ஒரு சின்னக் கட்டு, முந்நூறு ரூபாயாம். போன வாரம் இதே கட்டு நூறு ரூபாய்! தைப்பூசத்துக்கு முந்தின நாள் மட்டும் பூவுக்கு எங்கிருந்து வருகிறது இந்த விலை? பத்து நாள் விரதம் இருக்கிறவன் பூ இல்லாமல் காவடி எடுக்க மாட்டான் என்று தெரிந்துதானே கேட்கிறார்கள்? கொடுத்துவிட்டு வந்தேன். தம்பி தென்னங்குருத்தை எல்லாம் கிழித்து மடித்துக் கட்டி முடித்து, பூவுக்காக நாலு மணியிலிருந்து வாசலில் உட்கார்ந்திருந்தான்.